சாமான் பட்டியல்

பகாவில் செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
லோரி ஏறும், எண் நிற்கும், எழுதுவேன்.
குலையோடு ஒரு எடை, வெறும் வண்டிக்கு ஒரு எடை.
கழித்தால் மிஞ்சுவதுதான் பழம்.

இரவில் வேறு கணக்கு.
கோலாலம்பூரில் எடுக்கிற தொடர்நாடகத்துக்கு
வசனம் நான்.
அங்கத்துக்கு இருநூற்றைம்பது வெள்ளி,
பெயர் போட்டால் இருநூறு.
பெயர் வேண்டாம் என்றுவிட்டேன்.

கதைப்படி மிருணாளினிக்கு யார் தயவும் தேவையில்லை.
சொந்தமாக நாலு லோரி.
வீட்டுக் கடன் அவள் பெயரில்.
மூன்றாம் அங்கத்தில் ஒருவனை அறைந்தாள்,
சிரம்பான் வரை அதே பேச்சு.

பிறகு காதல் வந்தது.
வந்ததும் அவளுக்குச்
சாவி கைநழுவத் தொடங்கியது.
படி தடுக்கியது. காய்ச்சல் அடித்தது.
இருபதில் வங்கிக் கடிதம் புரியவில்லை
("இதுல என்னங்க போட்டிருக்கு?"
என் கையாலேயே எழுதினேன்).
முப்பதில் லோரிக் கணக்கை அவன் பார்க்கிறான்,
அவள் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஆற்றுகிறாள்.
யாரும் அவளை அடக்கவில்லை.
அவனும் நல்லவன்தான், அதுதான் தொல்லை.
விழுகிறவளைப் பிடிக்காமல் என்ன செய்வான்?
அவன் பிடிக்க வேண்டுமே என்று
வாரத்தில் ஐந்து நாள்
நாங்கள்தான் அவளைத் தள்ளிவிட்டோம்.

நாற்பத்தொன்றுக்குத் தயாரிப்பாளர் குரல் அனுப்பினார்:
மழை, இருட்டு, ரோட்டோரம், டயர் பஞ்சர்.
அவ அழணும். அவன் வரணும்.

அந்தக் காட்சி எனக்குத் தெரியும்.
போன டிசம்பர், செர்த்திங் ரோடு,
இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் என் பழைய காடி,
பின் டயர் ரொட்டி சானாய் மாதிரி.
சுகுமாறனுக்குப் போன் போட்டேன்.
"வரட்டா?"
"டார்ச்லைட் எடுத்துக்கிட்டு வா."

அவன் வந்தபோது ஜாக் ஏறியிருந்தது.
கழற்றிய நாலு நட்டும் என் செருப்பில் பத்திரம்.
"நகரு" என்று சொல்ல வாயெடுத்தான்,
பார்த்தேன்,
மூடிக்கொண்டான்.
குந்தி வெளிச்சம் காட்டினான்,
தப்பான இடத்தில்.
"கொஞ்சம் இடது. கீழ. ஆங், அங்கதான்."
கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது.
அடித்தால் வெளிச்சம் ஆடும்.
ஆடவிடவில்லை அவன்.
இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று
அன்றைக்குத்தான் தோன்றியது.
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அதையே எழுதி அனுப்பினேன்.
தயாரிப்பாளர் சிரித்தார்.
"அப்புறம் ஹீரோவுக்கு என்னம்மா வேலை?"
"டார்ச் பிடிக்கிறது."
"அது ஒரு வேலையா?"

வியாழக்கிழமை ஒளிபரப்பானது.
தண்ணீர் லோரி மழை, வெள்ளைச் சுடிதார்.
அவள் அழுதாள். அவன் தூக்கினான்.
டயரை யார் மாற்றினார்கள் என்று
கடைசிவரை காட்டவில்லை.
ஒட்டுக்கடையில் பார்த்த சுகுமாறன்
ஒரே ஒரு வரி அனுப்பினான்:
"ஸ்பேர் டயர் இல்லாமலா நாலு லோரி ஓட்டுறா?"

இதோடு முடித்திருப்பேன்.
மறுநாள் ஆலைக் கேன்டீனில் கோவிந்தம்மா,
உதிரிப் பழம் பொறுக்கி
மூன்று பிள்ளைகளைத் தனியாகப் படிக்கவைத்தவள்,
கண்கலங்கிப் போனதாகச் சொன்னாள்.
"அப்படி ஒருத்தன் வந்து தூக்கினா
நல்லாத்தான் இருக்கும்டி.
இடுப்பு வலிக்குது."
முப்பது வருஷமாகக் குனிந்த இடுப்பு.
எத்தனையோ பேருக்குப் பேச்சு எழுதுகிறவள்,
எனக்கு வசனம் வரவில்லை.
என் தட்டிலிருந்த வடையைப் பிட்டுக் கொடுத்தேன்.

நாற்பத்திரண்டின் கடைசிப் பக்கம்,
சாமான் பட்டியல்:
பூங்கொத்து,
மோதிரப் பெட்டி,
மருத்துவமனைக் கட்டில்
(தலைமாட்டில் அவன் உட்கார நாற்காலி).
அதற்கும் கீழே,
யாரும் கேட்காமல் நானாக எழுதியது:
டார்ச்லைட் ஒன்று.
பேட்டரியோடு.